திறந்த சாளரமும் தூய காற்றும்

மதுரையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது கொட்டாம்பட்டி. வாகனப் புகையும் செம்மண் புழுதியும் இவ்வட்டாரத்து மக்களுக்குப் புதியவை அல்ல. ஆகவே நோயாளியைக் காக்கும் எண்ணத்தில் உறவினர்கள் முதலில் செய்வது சாளரத்தைச் சாத்துவதே. அந்த அன்பு புரிந்துகொள்ளத்தக்கது. ஆயினும் மூடிய அறையில் வேறோர் இடர் உண்டு. இருமும்போதும் பேசும்போதும் வெளிப்படும் நுண்துளிகள் அங்கேயே தங்கி, அருகிலிருப்போரின் சுவாசத்திற்குள் செல்கின்றன. காசநோய் பரவும் வழி இதுவே.

மதுரையை அடுத்த தோப்பூரில் நெஞ்சக நோய்களுக்கான அரசு மருத்துவமனை உள்ளது. மருந்துகள் கண்டறியப்படாத காலத்தில், காசநோய்க்கு ஊருக்கு வெளியே நல்ல காற்றோட்டமான இடமே புகலிடமாகக் கருதப்பட்டது. பின்னர் 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, முறையாக மருந்து உட்கொண்டால் வீட்டிலிருந்தே குணமடையலாம் என நிறுவியது. நோயைத் தீர்ப்பது மருந்து. பிறருக்குப் பரவாமல் தடுக்கக் காற்றோட்டம் துணைநிற்கிறது.

பெரு நாட்டின் லிமா நகரில் எட்டு மருத்துவமனைகளின் 70 அறைகளை ஆராய்ந்து, 2007-இல் முடிவுகளை வெளியிட்டனர். கதவுகளையும் சாளரங்களையும் திறந்தபோது, அறைக்காற்று மணிக்கு ஏறத்தாழ 28 முறை மாறியது. தொற்றுநோயாளிகளுக்கான இயந்திரக் காற்றோட்ட அறைகளுக்குப் பரிந்துரைக்கப்படுவது 12 முறை. திறந்த சாளரத்திற்கு மின்கட்டணமும் இல்லை.

ஆனால் அறுவை அரங்கு, தீவிர சிகிச்சைப் பிரிவு போன்ற இடங்களில் சாளரம் போதாது. அங்கு வடிகட்டி தேவை. 'ஹெப்பா' எனப்படும் உயர்தர வடிகட்டி, 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 விழுக்காட்டைத் தடுக்கிறது. ஆனால் இறுக்கமான வலையின் ஊடே காற்றைத் தள்ள விசிறிக்கு மிகுந்த மின்சாரம் வேண்டும். எனவே பொறியாளர்கள் வடிகட்டித் தாளை மடிப்புமடிப்பாக அமைத்துப் பரப்பைப் பெருக்குகின்றனர். காற்று எளிதாகச் செல்கிறது. மேலும், முதலில் மலிவான வடிகட்டி ஒன்றில் பெரும் புழுதியை நிறுத்தினால், விலையுயர்ந்த வடிகட்டி விரைவில் அடைபடாது. புழுதி அடைந்த வடிகட்டியோ மின்சாரத்தை விழுங்கும், காற்றையும் குறைக்கும்.

வீட்டில் உள்ள சாதாரண ஏ.சி., உள்ளிருக்கும் காற்றையே குளிர்வித்துச் சுழற்றுகிறது. புதிய காற்றைக் கொணர்வதில்லை. ஆகவே நாள்தோறும் சிறிது நேரமேனும் எதிரெதிர்ச் சாளரங்களைத் திறந்து வையுங்கள். சாலைப் புழுதி குறைந்த காலை வேளை ஏற்றது. ஏ.சி.யின் வலையை உற்பத்தியாளர் கூறும் கால இடைவெளியில் கழுவி உலர்த்திப் பொருத்துங்கள். இருமல் உள்ளவர் முகக்கவசம் அணியட்டும்.

மருத்துவமனைக்குள் மட்டும், செவிலியரைக் கேட்காமல் சாளரத்தைத் திறக்கவோ மூடவோ வேண்டாம். நோய் எதிர்ப்பாற்றல் குன்றியோர், அறுவைச் சிகிச்சை முடிந்தோர் ஆகியோரின் அறைகளுக்கு விதிகள் வேறு. ஒரு சொல் கேட்டறிவது, படுக்கையில் இருப்பவருக்கும் அருகிலிருந்து கவனிக்கும் தங்களுக்கும் பாதுகாப்பு.