கடைக்கட்டடம் எழுப்புமுன் நிலத்தைச் செம்மை செய்தல்

போடிநாயக்கனூரைச் சுற்றியுள்ள சாலையோரங்களில் கடை வரிசைகளும், ஏலக்காய்க் கிட்டங்கிகளும், தங்கும் விடுதிகளும் எழும்பி வருவதை அன்பர்கள் அறிவார்கள். கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை இவ்வழியே மலையேறுகிறது. 1928-இல் இவ்வூருக்கு வந்த ரயில், அகலப் பாதை அமைப்பதற்காக 2010-இல் நிறுத்தப்பட்டு, 2023 ஜூன் 15 முதல் மீண்டும் ஓடுகிறது. ஏலக்காய் ஏல மையமும் இங்கேயே இருக்கிறது. ஆகவே, மாந்தோப்பும் புன்செயுமாக இருந்த நிலம் வாணிபக் கட்டடத்துக்கு மாறுவதில் வியப்பில்லை. ஆனால் நம் பார்வைக்கு வரும் விண்ணப்பங்களில் கட்டடத்தின் படம் அழகாக இருக்கும். அது நிற்கப்போகும் மண்ணைப் பற்றி ஒரு வரியும் இராது. அந்த ஒரு வரியை ஊராட்சி மன்றத்தார் கேட்டுப் பெற வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறோம்.

மலையடிவார நிலம் சமதளமன்று. அதைச் சமமாக்க, மேல்பக்கத்து மண்ணை வெட்டிக் கீழ்ப்பக்கத்தில் கொட்டுவதே எல்லோரும் கையாளும் வழி. பொக்லைன் வந்தபின் இவ்வேலை ஒரு பகலில் முடிந்துவிடுகிறது. பார்வைக்கு நிலம் ஒன்றாகத் தோன்றினும், உண்மையில் அங்கே இரண்டு நிலங்கள் இருக்கின்றன. வெட்டிய பாதி நெடுங்காலமாக இறுகிக் கிடந்த மண். கொட்டிய பாதி நேற்று வந்த மண். இரண்டின்மீதும் ஒரே அஸ்திவாரம் போட்டால், முதற்பாதி அசையாது நிற்க, இரண்டாம் பாதி மழைக்கு மழை தாழும். சுவர் நடுவே பிளப்பதற்கு இதுவே காரணம்.

நமது பணிக்காலத்தில் அடிவாரத்தில் ஒரு கடை வரிசை இவ்வாறு எழும்பியது. இரண்டு மழைக்காலம் ஒன்றும் நேரவில்லை. மூன்றாவது ஐப்பசியில் கீழ்ப்புறத்துக் கடைகளின் சுவரில் கைவிரல் நுழையும் அளவுக்கு வெடிப்புக் கண்டது. கொட்டிய மண் கரைந்து, கீழேயிருந்த ஒரு விவசாயக் கூலியின் வீட்டுப் பின்சுவரைத் தள்ளிவிட்டது. நல்லவேளையாக அப்போது வீட்டில் எவருமில்லை. கடைக்காரருக்கு வாடகை நஷ்டம். அக்குடும்பத்துக்கோ குடியிருப்பே நஷ்டம். அவ்விண்ணப்பத்தைப் பார்த்த நாமும் மண்ணைப் பற்றிக் கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆதலால் முதலில் ஆராய வேண்டியது நீரின் வழி. பட்டாவோடு புலப்படத்தையும் வாங்கிப் பார்த்து, ஓடைப் புறம்போக்கோ வாய்க்கால் புறம்போக்கோ நிலத்தைத் தொடுகிறதா என்று நேரில் சென்று அளந்து பார்க்க வேண்டும். கோடையில் வறண்டு கிடக்கும் ஓடையை ஓடையன்று என்று எண்ணுவது பெருந்தவறு. நம் வட்டாரம் மலையின் மழைமறைவுப் பக்கத்தில் இருக்கிறது. ஆண்டில் பல மாதங்கள் காய்ந்து கிடந்து, வடகிழக்குப் பருவத்தில் சில நாட்களிலேயே பெருவெள்ளம் இறங்கும். தென்மேற்குப் பருவத்தில் முகட்டுக்கு அப்பால் பெய்யும் மழை நம் பக்கத்து உயர்சரிவுகளையும் நனைக்கும். ஓடையை மூடிக் கட்டடம் எழுப்பினாலும், நீர் தன் வழியை விடாது. ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால், எந்த ஆண்டு எதுவரை வெள்ளம் நின்றது என்று சொல்வார்கள். அது எந்தப் படத்திலும் இல்லாத செய்தி.

அடுத்தது குழி வெட்டிப் பார்த்தல். மனையின் நான்கு மூலையிலும் நடுவிலும் ஆளுயரத்துக்குக் குறையாத ஆழத்தில் சோதனைக் குழிகள் வேண்டும். கடினச் செம்மண்ணோ சரளையோ தென்பட்டால் நல்லது. கரிமண் தென்பட்டால், அது மழையில் உப்பிக் கோடையில் சுருங்கும் தன்மையுடையது. பொறியாளர் யோசனையின்றி மேலே செல்லலாகாது. தூர்ந்த கிணறும் பழைய குப்பைக் குழியும் இக்குழிகளில் அகப்படலாம். இரண்டு மூன்று மாடி எழுப்புவோர் மண் பரிசோதனைச் செலவை மிச்சம் பிடிக்கக் கூடாது. மொத்தச் செலவில் அது மிகச் சிறிய பங்கே.

பின்னர், மேல்மண்ணை அரையடி ஆழத்துக்கு வழித்தெடுக்க வேண்டும். மட்கும் வேரும் நிறைந்த அம்மண் கட்டடத்துக்குப் பகை. ஆனால் பயிருக்கு அதுவே உயிர். அதை நிரப்பு மண்ணோடு கலந்து புதைப்பதைக் காணும்போதெல்லாம் நமக்கு வயிறு எரிகிறது. தனியே குவித்து வைத்துத் தோட்டத்துக்குக் கொடுக்கலாம். மரம் வெட்டினால் அடிவேர் வரை தோண்டி எடுக்க வேண்டும். விட்ட வேர் மக்கிய இடத்தில் நிலம் உள்வாங்கும்.

மேடேற்றும் மண்ணை முக்கால் அடிக்கு மேற்படாத அடுக்குகளாகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் நீர் தெளித்து, உருளை கொண்டோ, சிறிய இடமாயின் திமிசு கொண்டோ கெட்டிக்க வேண்டும். ஈரத்தின் அளவை அறிய ஒரு எளிய வழி உண்டு. ஒரு பிடி மண்ணைக் கையில் இறுக்கிப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். கையில் ஒட்டிப் பிசுபிசுத்தால் நீர் மிகுதி, உதிர்ந்தால் நீர் குறைவு. மண்ணைக் கொட்டிவிட்டு ஒரு மழை பெய்தால் தானே இறுகிவிடும் என்பர் சிலர். அது மேற்புறம் மட்டுமே இறுகும். இயன்றவரை கட்டடம் முழுவதும் வெட்டிய நிலத்திலேயே நிற்குமாறு அமைத்து, நிரப்பிய பாதியை வண்டி நிறுத்தவும் முற்றமாகவும் விடுவது சாலச் சிறந்தது.

வெட்டிய சரிவைச் செங்குத்தாக விடலாகாது. பாறைமேல் படிந்த மண் நீரை உறிஞ்சியதும் கனத்து, பாறையோடு உள்ள பிடிப்பை இழந்து வழுக்குகிறது. 2020 ஆகஸ்டு 6 இரவு, மலைக்கு அப்பால் மூணாறு பகுதியின் பெட்டிமுடியில் பெருமழையால் சரிவு பெயர்ந்து, தேயிலைத் தொழிலாளர் குடியிருப்பின்மேல் விழுந்ததில், காணாமற்போனோர் உட்பட 70 பேரை இழந்தோம். அங்கே பெயர்ந்தது எவரும் மனைக்காக வெட்டிய சரிவன்று. அடியை வெட்டிய சரிவு அதனினும் பிடிப்புக் குறைந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. தடுப்புச் சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பி, சுவரில் நீர் கசியத் துளைகள் விட்டு, சரிவின் தலைப்பில் ஒரு வடிகாலும் அமைக்க வேண்டும். துளையில்லாத சுவர் எவ்வளவு கனமாயினும், அதன்பின் தேங்கும் நீர் அதனைச் சாய்க்கவல்லது.

ஏலக்காய்க் கிட்டங்கி கட்டுவோருக்குத் தனியாக ஒன்று. உலர்த்திய காய் ஈரத்தை எளிதில் ஈர்த்துப் பூசணம் பிடிக்கும். பச்சை நிறமும் கெடும். எனவே தளத்தைச் சுற்றுத்தரையினின்றும் இரண்டடியேனும் உயர்த்தி, கான்கிரீட்டுக்கு அடியில் ஜல்லிப் படுகையும் ஈரம் ஏறாத விரிப்பும் இடுக.

மலைக் கிராமங்களில் மரம் வெட்டுவதற்கு 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப்பாதுகாப்புச் சட்டம் உண்டு. 1990 முதல் மலையிடப் பாதுகாப்புக் குழுமமும் இருக்கிறது. நிலம் அப்பட்டியலில் உள்ளதா என்பதை மண்ணில் கை வைக்கும் முன்னரே விசாரித்தறிய வேண்டும். நிரப்புவதற்கு வெளியிலிருந்து மண் கொணர்ந்தால் கனிமத் துறையின் அனுமதி தேவை. கண்மாய் மண்ணாயினும் அப்படியே.

மண்வேலைக்கு ஏற்ற காலம் தை முதல் பங்குனி வரை. இவ்வாண்டு அதற்குள் முடிக்க இயலாதோர், சரிவைப் பாதி வெட்டிய நிலையில் ஐப்பசி மழையை எதிர்கொள்ளாமல், அடுத்த தைக்கு வேலையைத் தள்ளி வைக்கலாம். மன்றத்தார் தீர்மானம் எழுதும்போது, தலைப்பு வடிகாலை ஆண்டுதோறும் புரட்டாசிக்குள் தூர்வார வேண்டியவர் கட்டட உரிமையாளரா, ஊராட்சியா என்பதையும் அதிலேயே எழுதி வைக்க வேண்டுகிறோம்.