அடைக்கோழிக்கு அயல் குஞ்சுகள்

அடையில் அமர்ந்த கோழியின் உடலில் புரோலாக்டின் எனும் இயக்குநீர் மிகுவதால் முட்டையிடுதல் நின்று, வயிற்றுப்புற இறகுகள் உதிர்ந்து, வெறுந்தோல் முட்டைகளைத் தொட்டு வெப்பமூட்டுகிறது. இவ்வாறு ஏறக்குறைய 21 நாள் அமர்ந்த கோழியே, இன்குபேட்டர் எனப்படும் பொரிப்பானில் பிறந்த குஞ்சுகளைத் தன்னுடையவையாக ஏற்க மிகவும் ஆயத்தமாக இருக்கும். வெள்ளை லெகார்ன் போன்ற முட்டையினங்களில் தேர்வு வளர்ப்பு இந்த இயல்பைப் பெரும்பாலும் அகற்றிவிட்டது என்பதால், சிறுவிடை போன்ற நாட்டுக்கோழிகளே இப்பணிக்கு ஏற்றவை.

குஞ்சுகள் பிறந்து ஓரிரு நாளே ஆகியிருப்பது நல்லது. நாள் கடந்தவை தாம் முதலில் கண்டு பழகியதையே சார்ந்து நின்று, புதிய கோழியின் அழைப்புக்கு இணங்குவதில்லை. இருளில் கோழியின் பார்வை மங்கிவிடுவதால், இரவில் விளக்கேற்றாமல் இறகுக்கடியில் கையை மெல்ல நுழைத்து, ஒரு முட்டையை எடுக்கும்போதே அவ்விடத்தில் ஒரு குஞ்சை விடுவது வழக்கம். கோழி தாழ்ந்த குரலில் கொக்கரித்து, இறகை அகட்டி, குஞ்சை உள்ளே வாங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது எனலாம்.

மீதிப் பாதியை விடியற்காலைதான் காட்டும். மெல்லிய கொத்தல் வெறும் கண்டிப்பே. தலையைக் குறிவைத்து ஓங்கிக் கொத்தினால், மறுமுறை முயலாமல் குஞ்சுகளைப் பிரித்து விளக்குச் சூட்டில் வளர்ப்பதே அறிவுடைமை. ஏற்ற கோழியையும் குஞ்சுகளையும் பஞ்சாரம் எனும் மூங்கிற்கூடையால் கவிழ்த்து மூடி, நொய்யும், ஆழமற்ற தட்டில் நீரும் வைத்து, சில நாள்கள் மற்றக் கோழிகளிடமிருந்து விலக்கி வைக்க வேண்டும்.