நிலம் கைமாறும் மேசை

பட்டா மாறுதலுக்கு லஞ்சம் வாங்கிய அலுவலர், ரசாயனப் பொடி தடவிய நோட்டுகளோடு கையும் களவுமாகப் பிடிபட்டார். தமிழ்நாட்டு நாளிதழ்களில் அடிக்கடி வரும் செய்தி இது. தொகை பெரும்பாலும் சில ஆயிரம்தான். அந்தச் சில ஆயிரம் இல்லாதவரின் நிலம் என்ன ஆகிறது என்பது செய்தியில் வருவதில்லை.

பத்திரம் பதிவானதும் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பயிர்க்கடனுக்கும் காப்பீட்டுக்கும் பட்டா, அடங்கல் கேட்பார்கள். முழுப் புல எண்ணும் கைமாறினால் சிக்கல் குறைவு. அண்ணன் தம்பி பாகம் பிரித்தாலோ, ஒரு பகுதியை மட்டும் வாங்கினாலோ, சர்வேயர் அளந்து உட்பிரிவு செய்தாக வேண்டும். விண்ணப்பம் இணையத்தில் போனாலும் அளக்க ஆள்தான் வர வேண்டும். லஞ்சத்துக்கு வழி திறப்பது இங்கேதான். மனுவைத் தள்ளுபடி செய்யக்கூடத் தேவையில்லை, இழுத்தடித்தாலே போதும். விதைப்புக்குள் பட்டா வராவிட்டால் குறு விவசாயி கந்துவட்டிக்காரரிடம்தான் போவார்.

இதைவிடப் பெரிய இழப்பு பஞ்சமி நிலம். செங்கல்பட்டு ஆட்சியர் டிரமன்ஹீர் 1891-இல் தந்த அறிக்கையை அடுத்து, 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆங்கிலேய அரசு ஆணையிட்டது. அப்படி வழங்கப்பட்டவை சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. பத்தாண்டுகள் விற்கக் கூடாது. அதன்பிறகும் அதே மக்களுக்குள்தான் விற்கலாம். மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

நிபந்தனை இவ்வளவு தெளிவாக இருந்தும் பெரும்பகுதி பிறர் கைக்குப் போனது. கடனும் மிரட்டலும் ஒரு பக்கம். ஆனால் கணக்கெழுதுபவரும் பதிவு செய்பவரும் கண்ணை மூடிக்கொள்ளாமல், விற்கக் கூடாத நிலத்துக்குப் பிறர் பெயரில் பட்டா வந்திருக்க முடியாது. 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். என்னும் நிலப் பதிவு மேம்பாட்டின்போது ‘பஞ்சமி’ என்ற குறிப்பே பல ஊர்களில் விடுபட்டது என்று தலித் அமைப்புகள் குற்றம்சாட்டுகின்றன.

1994-இல் காரணை கிராமத்தின் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரி மக்கள் திரண்டனர். அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் இருவர் இறந்தனர்.

இன்று சிலர் பஞ்சமி நிலங்களைக் கண்டறிய, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பழைய ‘அ’ பதிவேட்டின் (கிராம நிலப் பதிவேடு) நகலை வாங்கி, இப்போதைய பட்டாவோடு புல எண் வாரியாக ஒப்பிடுகிறார்கள். பதிவேடுகளெல்லாம் அரசின் கையில் இருக்கும்போது, இந்த வேலையைக் கூலிக்குப் போகிறவர்கள் தலையில் கட்டுவது நியாயமல்ல. பஞ்சமி நிலங்களின் ஊர் வாரியான பட்டியலை வருவாய்த் துறையே வெளியிட வேண்டும்.