இரண்டாம் பையில்தான் ஆபத்து

சேந்தமங்கலத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: உண்ணிக் காய்ச்சலில் சோகை பிடித்த நாய்க்கு ரத்தம் ஏற்றச் சொல்கிறார்கள், ஏதாவது ஒரு நாயின் ரத்தம் போதுமா?

நாய்களுக்கும் ரத்த வகைகள் பல உண்டு. முக்கியமானது டி.இ.ஏ. 1. சில நாய்களின் சிவப்பணுவில் அது இருக்கும், சிலவற்றில் இருக்காது. வேடிக்கை என்னவென்றால், நமக்கு மாற்று வகை ரத்தத்தை எதிர்க்கும் பொருள் குழந்தைப் பருவத்திலேயே தானாக ஊறிவிடுகிறது. நாய்க்கு டி.இ.ஏ. 1-ஐ எதிர்க்க அப்படி எதுவும் ஊறுவதில்லை. அதனால் பொருந்தாத ரத்தத்தையும் முதல் தடவை பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். பூனை அப்படியல்ல, பி வகைப் பூனைக்கு ஏ வகை ரத்தம் போனால் முதல் தடவையிலேயே உயிர் போகலாம்.

நாய் முதல் தடவை தாங்கும் என்பதற்குப் பழைய சாட்சியும் உண்டு: 1665-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ரிச்சர்ட் லோவர் நாய்க்கு நாய் ரத்தம் ஏற்றிப் பிழைக்க வைத்தார். ரத்த வகை என்ற பேச்சே அப்போது கிடையாது.

ஆனால் நாயின் உடல் எதையும் மறப்பதில்லை. என் சித்தப்பா கடன் கொடுப்பதும் இப்படித்தான்: முதல் தடவை ஏமாற்றியவனை ஒன்றும் சொல்லமாட்டார், மறுபடி வாசலில் கண்டால் கம்பை எடுப்பார். பொருந்தாத ரத்தம் ஏறிய சில நாட்களில் நாயின் உடலில் எதிர்ப்பொருள் உருவாகிவிடும். அடுத்த பை பொருந்தாவிட்டால் ஏற்றிய சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீர் சிவக்கும்.

நம்மூர்க் கால்நடை மருத்துவமனையில் நர்ஸ் என்று தனியாக யாரும் இல்லை. பராமரிப்பு உதவியாளரோ, நாமக்கல் கல்லூரி போன்ற இடமென்றால் பயிற்சி மாணவரோதான் ரத்தம் ஏறும்போது பக்கத்தில் இருப்பார். பத்துக் கிலோ நாய்க்கு முதல் கால் மணி நேரம் நிமிடத்துக்கு மூன்று நான்கு சொட்டுக்கு மேல் விடக்கூடாது. காய்ச்சல், வாந்தி, முகவீக்கம், தோலில் தடிப்பு எது தெரிந்தாலும் உடனே குழாயை மூட வேண்டும். அதே குழாயில் ரிங்கர் லாக்டேட் கலக்கக்கூடாது. அதிலுள்ள கால்சியத்தால் ரத்தம் உறையும். நான்கு மணி நேரத்துக்குள் பை முடிய வேண்டும். போனைப் பார்த்துக்கொண்டு செய்கிற வேலையில்லை இது.

ரத்தம் கொடுக்கும் நாய் 25 கிலோவுக்குக் குறையாமல், தடுப்பூசி போட்டதாக, இதுவரை ரத்தம் ஏற்றப்படாததாக இருக்க வேண்டும். நல்ல ராஜபாளையம் 450 மில்லி தரும். அதன் ரத்தத்திலும் உண்ணி பரப்பும் எர்லிக்கியா, பபேசியா கிருமிகள் இல்லையென்று சோதிக்க வேண்டும். உண்ணி மருந்துக்குக் காசில்லை என்பவர்களே பிறகு ரத்தத்துக்கு அலைகிறார்கள் என்பதுதான் எனக்கு எரிச்சல்.

ரத்தம் ஏற்றினால் தேதியைத் தடுப்பூசி அட்டையிலேயே எழுதி வாங்குங்கள். வேறொருவர் வளர்த்த நாய், பழைய கதை தெரியாது என்றால், முன்பே ஏற்றியிருக்கிறது என்றே வைத்துக்கொண்டு கிராஸ் மேட்ச், அதாவது இரண்டு ரத்தமும் ஒத்துப்போகிறதா என்ற சோதனை, பார்க்கச் சொல்லுங்கள்.