பாட்டியின் சங்கிலி பத்திரம்!

இராமேஸ்வரத்தில் புதுமுகம் யார், பழகிய முகம் யார்? 22 தீர்த்தங்களிலும் நீராட தேசமெங்கிலுமிருந்து ஜனங்கள் வந்து போகும் ஊர். தோளில் பையுடன் ஒருவன் தெருவில் நடந்தால் யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

"நகை பாலிஷ், அம்மா! கம்பெனி விளம்பரம், காசு வேண்டாம்!"

நீங்கள் வெளியே போயிருக்கும் நேரம் பார்த்துத்தான் இந்தக் குரல் வரும். முதலில் குத்துவிளக்கு பளபளக்கும். உங்கள் மாமியாருக்கு நம்பிக்கை பிறக்கும். அப்புறம், கழுத்துச் சங்கிலி!

அவன் கிண்ணத்தில் இருப்பது இராஜ திராவகமாக இருக்கலாம். நைட்ரிக் அமிலம் ஒரு பங்கு, ஹைட்ரோகுளோரிக் அமிலம் மூன்று பங்கு. தனித்தனியே இரண்டுக்கும் மசியாத தங்கம், இரண்டும் சேர்ந்தால் கரைந்துவிடும். திரும்பி வருவது அதே சங்கிலிதான், எடைதான் இராது. மஞ்சள் நீரில் போட்டு, "பத்து நிமிஷம் திறக்காதீர்கள்" என்பானே, அது அவன் தெருமுனை தாண்டுவதற்கு!

ஏமாந்த பெரியவர்கள் பலர் வாய் திறப்பதில்லை. "இந்த வயசில் புத்தி எங்கே போச்சு?" என்று வீட்டார் கேட்பார்களே என்ற பயம். அதற்குள் அவன் அடுத்த தெருவில் இருப்பான். ஆகையால், சகோதரி, அந்தக் கேள்வியை மட்டும் கேட்காதீர்கள். உடனே போலீஸுக்கு 112. முதியோர் உதவிக்கு 14567. இரண்டையும் காலண்டர் அட்டையில் பெரிதாக எழுதி, பாட்டியின் கண்ணில் படும்படி இன்றைக்கே மாட்டிவிடுங்கள்.