கோட்டையைக் காத்தது தண்ணீரும் தானியமும்



சுற்றுலா என்றால் நமக்கு ஊட்டி, கொடைக்கானல், இல்லாவிட்டால் கோயில். கோட்டை பார்க்கப் போகலாம் என்றால், "கல்லும் முள்ளும் பாக்க இவ்ளோ தூரம் போவணுமா?" என்று கேட்பார்கள். எங்கள் வீட்டுக்காரரும் அப்படித்தான் கேட்டார். ஆனால் குடித்தனம் நடத்துகிற ஒவ்வொரு பெண்ணும் ஒரு தடவையாவது செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வேண்டும் என்பேன். காரணம் சொல்கிறேன்.

திருவொற்றியூரில் எங்கள் தெருப் பெண்கள் ஒன்பது பேர், பிள்ளைகளோடு வேன் பிடித்து விடியற்காலை நாலரை மணிக்கே கிளம்பினோம். திண்டிவனத்தில் திருவண்ணாமலை சாலைக்குத் திரும்பி முக்கால் மணி நேரம் போனால் செஞ்சி. பாறைகளைக் கொட்டிக் குவித்தது போல மூன்று மலைகள்: ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. மூன்றையும் சேர்த்து மதில் வளைத்திருக்கிறார்கள். கோனார் வம்சம், விஜயநகர நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தான், மராட்டியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று எத்தனையோ கை மாறிய இடம். 1677-ல் சிவாஜி இதைப் பிடித்தார். 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, அதில் பதினொன்று மகாராஷ்டிரத்தில்; தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றுதான்.

ராஜகிரி சுமார் 800 அடி உயரம். படிகள் நெட்டுக்குத்தாக இருக்கின்றன. வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டோம். உச்சிக்குச் சற்று முன்னால் மலையே இரண்டாகப் பிளந்தது போல ஒரு பெரும் பள்ளம். அதன்மேல் போட்டிருக்கும் பாலத்தைத் தாண்டித்தான் மேலே போக முடியும். பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

மேலே போனால், அது ஓர் ஊர்! ரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, கஜானா, நெற்களஞ்சியம், பீரங்கி. எல்லாவற்றையும்விட என்னை நிற்க வைத்தது தண்ணீர்தான். அத்தனை உயரத்தில், பாறைக்குள் வற்றாத சுனைகள். அதற்குக் கீழே மழைத்தண்ணீரைப் பிடித்து வைக்கத் தொட்டிகள். அடிவாரத்தில் செட்டிக்குளம், சக்கரக்குளம். ராஜ குடும்பத்துப் பெண்கள் இருந்த கல்யாண மகாலில், வெளியே இருக்கும் குளத்துத் தண்ணீரை மண் குழாய் வழியாக மாடிக்கே ஏற்றியிருக்கிறார்கள்.

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றியபோது, ராத்திரி இரண்டு மணிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு லாரிக்காகத் தெருவில் உட்கார்ந்திருந்தவள் நான். எதிரே கண்ணுக்கு எட்டிய வரை கடல், வீட்டில் குடிக்க ஒரு சொம்பு தண்ணீர் இல்லை. அந்தச் சுனையைப் பார்த்தபோது என் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று உங்களுக்குப் புரியும்.

முழங்கால் வலிக்காரர்கள் சின்ன மலையான கிருஷ்ணகிரிக்குப் போனார்கள். அதை ராணிக்கோட்டை என்றும் சொல்கிறார்கள். அங்கேயும் களஞ்சியம், கூடவே எண்ணெயும் நெய்யும் ஊற்றி வைக்கக் கட்டிய கிணறுகள்! போய் வந்த பக்கத்து வீட்டு அக்கா, "நாம அரை லிட்டர் பாக்கெட் வாங்கவே கணக்குப் பாக்குறோம், இங்க கெணத்துல ஊத்தி வெச்சிருக்கான்டி" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

ஆனால் விஷயம் சிரிப்பல்ல. சிவாஜியின் மகன் ராஜாராம் இங்கே தங்கியிருந்தபோது, முகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1690-ல் முற்றுகை போட்டார். கோட்டை விழுந்தது 1698-ல்தான். அதற்குள் ராஜாராமும் தப்பிவிட்டார். இத்தனை வருஷம் தாங்கியது மதிலும் பீரங்கியும் மட்டுமா? உள்ளே இருந்த நெல்லும் எண்ணெயும் தண்ணீரும்தானே! அதே மதில் இருந்தும் 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஒரே ராத்திரியில் பிடித்துவிட்டார்களே. சரித்திரப் புத்தகத்தில் கத்தியைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கும். அளந்து போட்டவர்கள், அரைத்தவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள் பற்றி ஒரு வரி இருக்காது. அந்தக் களஞ்சியத்துக்குள் நின்றபோது, நாம் தினமும் செய்கிற வேலைக்கு யாரோ கல்லால் மரியாதை செய்தது போல எனக்குத் தோன்றியது.

மனசு கனத்துப்போன இடமும் உண்டு. ராஜா தேசிங்கு 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையோடு சண்டையிட்டு இறந்தபோது வயது 22. செட்டிக்குளத்தின் கரையில் அவனை எரித்த இடம் என்று ஒரு மேடையைக் காட்டுகிறார்கள். அதே தீயில் அவன் மனைவியும் உடன்கட்டை ஏறினாளாம். அவளுக்கு என்ன வயது இருந்திருக்கும்? அவள் நினைவாகத்தான் ராணிப்பேட்டை என்று பெயர் வந்தது என்பார்கள். 1856-ல் நம் ராயபுரத்திலிருந்து கிளம்பிய தென்னிந்தியாவின் முதல் ரயில், அந்த ராணிப்பேட்டைக்குப் பக்கத்தில் உள்ள வாலாஜா ரோடுக்குத்தான் போனது. பதினாலு வயசு என் மகள், "அவங்களைக் கேட்டா ஏத்துனாங்கம்மா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. பேரும் புகழும் வேண்டாம், அந்தப் பெண் உயிரோடு இருந்திருக்கலாம் என்றுதான் தோன்றியது.

சாயங்காலம் பக்கத்திலுள்ள சிங்கவரம் போனோம். சின்ன மலை, படியேறினால் பாறையைக் குடைந்த கோயிலில் பள்ளிகொண்ட ரங்கநாதர். தேசிங்கு கும்பிட்ட சாமி. அருகிலேயே திருநாதர்குன்றில் ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்கள். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற சமண முனிவரைப் பற்றிய பழைய கல்வெட்டும் அங்கே இருக்கிறது. நேரம் இருப்பவர்கள் விழுப்புரம் சாலையில் மண்டகப்பட்டையும் பாருங்கள். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் குடைந்த குகைக்கோயில் அது.

போகிற சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். காலையிலேயே ஏறிவிடுங்கள், நேரம் கழித்துப் போனால் ராஜகிரிக்கு மேலே விடமாட்டார்கள். ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் அவசியம். குரங்குகள் அதிகம், சாப்பாட்டுப் பையைக் கையில் ஆட்டிக்கொண்டு போகாதீர்கள். வழுக்காத செருப்பு போடுங்கள். முக்கியமாக, காலி பாட்டிலைத் திரும்ப எடுத்து வாருங்கள். சுனைக்குப் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக்கை எங்கள் பிள்ளைகள் ஒரு கோணிப்பை நிறையப் பொறுக்கினார்கள். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு படைக்கே உயிர் கொடுத்த தண்ணீர் அது. அதில் குப்பை போட நமக்கு என்ன உரிமை?

- ஒரு வாசகி, திருவொற்றியூர்.