26 குருவிகள் பெருகிய கதை

ஒரு குருவி இனத்தில் மீதி இருந்தவை மொத்தம் 26தான். அவையும் ஒரே ஒரு தீவில்தான் இருந்தன. அங்கே ஒரு முறை தீப்பிடித்தாலோ, எலிகள் புகுந்தாலோ இனமே அழிந்திருக்கும். இன்று அந்தக் குருவிகள் சுமார் 3 ஆயிரம்! இது எப்படி நடந்தது?

இந்துமகா சமுத்திரத்தில், ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே சீஷெல்ஸ் தீவுகள் இருக்கின்றன. உலகில் அங்கு மட்டுமே உள்ளது இந்தக் கதிர்க்குருவி. பழுப்பு நிறம், எடை சுமார் 15 கிராம். ஆனால் குரல் இனிமையானது. இலைகளின் அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும் சிறு பூச்சிகளே இதன் உணவு.

தென்னையால் வந்த வினை

தேங்காய் வியாபாரத்துக்காகத் தீவுகளில் காடுகளை வெட்டித் தென்னை வைத்தார்கள். குருவிக்கு இரை குறைந்தது. மனிதர்களோடு வந்து சேர்ந்த எலிகளும் பூனைகளும் கூடுகளைச் சூறையாடின. கடைசியில், கசின் என்ற சின்னஞ்சிறு தீவில் மட்டும் குருவி மிஞ்சியது. அந்தத் தீவின் பரப்பு சுமார் 70 ஏக்கர்தான்!

1968ஆம் ஆண்டில், பறவைகளைப் பாதுகாக்கும் சர்வதேச சங்கம் ஒன்று அந்தத் தீவை விலைக்கு வாங்கியது. குருவிகளைக் கூண்டில் அடைக்கவில்லை. தென்னங்கன்றுகளை அகற்றி, பழைய காட்டு மரங்களை வளரவிட்டார்கள். மரம் வளர்ந்தது, பூச்சி பெருகியது, குருவியும் பெருகியது. 1980களில் சுமார் 300 குருவிகள். தீவில் இடம் போதவில்லை!

தம்பியை வளர்க்கும் அக்காள்

இந்தக் குருவி பெரும்பாலும் ஒரு முட்டைதான் இடும். வளர்ந்த பெண் குஞ்சுகளில் பல, உடனே தனிக்குடித்தனம் போவதில்லை. தாயுடன் தங்கி அடைகாக்கின்றன. தம்பி தங்கைக்கு இரை ஊட்டுகின்றன.

இரை மிகுந்த இடத்தில் வாழும் ஜோடிக்குப் பெரும்பாலும் பெண் குஞ்சே பிறக்கிறது. இரை குறைந்த இடத்தில் உதவிக்கு ஒருவர் தங்கினால், அவரும் பங்குக்கு வருவார் அல்லவா? அங்கே பிறப்பது பெரும்பாலும் ஆண் குஞ்சு. அது வளர்ந்ததும் வேறு இடம் போய்விடும். விஞ்ஞானிகள் இதை 1997இல் வெளியிட்டபோது உலகமே வியந்தது.

புது வீடு

1988இல், 29 குருவிகளைப் பிடித்து அரீட் என்ற தீவில் விட்டார்கள். அவை விரைவிலேயே கூடு கட்டிக் குஞ்சு பொரித்தன. பிறகு 1990, 2004, 2011 ஆகிய ஆண்டுகளில் வேறு மூன்று தீவுகளுக்கும் குருவிகள் குடியேறின.

இப்போது ஐந்து தீவுகள். ஒன்றில் தீங்கு நேர்ந்தாலும், மற்ற நான்கில் இந்தக் குருவி பாடிக்கொண்டிருக்கும்.